பணம் கொடுப்பவரும் மனம் திறப்பவரும்



தொழில் தர்மத்தைப் பற்றி ஆண்டுதோறும் ஒருவர் இவ்வறக்கட்டளையின் மேடையில் பேச வேண்டும் என்று விதித்துச் சென்ற பெரியவர், வைத்தியரையும் வக்கீலையும் கணக்குத் தணிக்கையாளரையும் மனத்தில் வைத்தே அவ்வாறு விதித்திருப்பார் என்று ஊகிக்கிறேன். ஏனெனில், ஒரு பெரிய ஸ்தாபனத்தில் உயர்ந்த பதவி வகிக்கும் உத்தியோகஸ்தர் ஒருவர், தம் தொழிலைப் பற்றித் தம்மைவிடக் குறைவாகவே அறிந்த ஒருவரை மாதத்துக்கு இரண்டு முறை தனியறையில் சந்தித்து, வீட்டாரிடமும் சொல்லத் தயங்கும் சந்தேகங்களையும் அச்சங்களையும் அவரிடம் மனம்விட்டுச் சொல்லி, அப்படிச் சொல்வதற்கான கட்டணத்தை அந்த ஸ்தாபனமே செலுத்தும் என்றொரு வழக்கம் அவர் காலத்தில் இந்நாட்டில் வேரூன்றியிருக்கவில்லை. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் உள்ள பெரிய கம்பெனிகளில் இது பழகிப்போன காரியமாகிவிட்டது. கம்பெனிக்காரர்கள் ‘கோச்’ என்று அழைக்கும் அந்த மனிதரை நான் இவ்வுரை முழுவதும் பயிற்றுநர் என்று குறிப்பிடுவேன். மைதானத்தில் ஊதலோடு நிற்பவரை விடுத்து, உத்தியோகஸ்தரின் எதிரே நாற்காலியில் அமர்ந்து கேள்வி கேட்பவரையே அச்சொல் இங்கே சுட்டும்.

இத்தொழிலுக்கு ஒரு சம்மேளனம் உண்டு. ஐ.சி.எஃப். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் சர்வதேசப் பயிற்றுநர் சம்மேளனத்தை 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கியவர் தாமஸ் லெனார்டு. அவர் முன்பு பண விஷயங்களில் ஆலோசனை கூறும் தொழிலில் இருந்தவர். அந்தச் சம்மேளனம் தன் தொழிலுக்கு வகுத்திருக்கும் இலக்கணத்தில் நடுநாயகமாக விளங்கும் கருத்து கூட்டுறவு என்பதே: பயிற்றுநர் மேலிருந்து உபதேசிப்பவர் அல்லர், பயிற்சி பெறுபவரோடு துணை நின்று அவருடைய சிந்தனையைத் தூண்டுபவர் என்பது அதன் சாரம். இக்கருத்தோடு எனக்கு வழக்கு இல்லை. அக்கூட்டில் இருவர்தாம் உள்ளனர் என்று இயல்பாகவே எழுந்துவிடும் நினைப்போடுதான் வழக்கு. அறையில் அமர்ந்து பேசுகிறவர்கள் இருவர். பணம் கொடுப்பவர் மூன்றாமவர். அங்கே பேசப்பட்டதன் பலனையோ பாதகத்தையோ அனுபவிக்கப் போகிறவர்கள் கதவுக்கு வெளியே, பெரும்பாலும் ஒன்றும் அறியாதவர்களாக, தத்தம் மேஜைகளில் வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள். இத்தொழிலின் தர்மம் அவர்கள் அனைவரையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதையே இன்று மாலை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

நம் மரபில், கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் உள்ள சம்பந்தத்தை முறைப்படி ஆராய்ந்த நூல் உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியன், பாடம் சொல்லுதல், மாணாக்கன், பாடம் கேட்டல் என்னும் ஐந்தையும் தனித்தனியே வகுத்துரைக்கிறார். ஆசிரியராவதற்குத் தகுந்தவர் யார் என்று சொல்வதோடு நில்லாமல், தகாதவர் யார் என்பதையும் தயக்கமின்றிச் சொல்கிறார். (இன்றைய தொழிற்சங்கங்களின் ஒழுக்க விதிகளில் இந்தத் துணிவை நான் அதிகம் கண்டதில்லை.) யாருக்குப் பாடம் சொல்லலாம் என்று அவர் எண்ணிக் காட்டும் வரிசையில், தன் மகன், தன் ஆசிரியரின் மகன், அரசன் மகன் ஆகியோரை அடுத்து, பொருளை மிகுதியாகக் கொடுப்பவனுக்கும் இடம் இருக்கிறது. ஆகவே, பொருள் வாங்கிக்கொண்டு கற்பிப்பதில் முனிவருக்குக் கூச்சம் ஏதும் இல்லை. ஆனால் அங்கே பொருள் கொடுப்பவன் தானே மாணாக்கனாகவும் இருக்கிறான். ஒருவன் பொருள் கொடுக்க, மற்றொருவன் பாடம் கேட்க, கொடுத்தவன் பிற்பாடு வந்து, ‘அவன் உம்மிடம் என்ன சொன்னான்?’ என்று வினவும் நிலைமை அவ்வரிசையில் காணப்படவில்லை. அரசகுமாரர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களுக்கு மட்டும் அந்தச் சங்கடத்தின் ருசி சற்றுத் தெரிந்திருக்கலாம்.

பயிற்றுநர், பாடம் சொல்லும் ஆசிரியரிடமிருந்து எவ்விடத்தில் பிரிந்தார் என்பதை அறிய அமெரிக்க டென்னிஸ் மைதானங்களுக்குச் செல்ல வேண்டும். ஹார்வர்டு சர்வகலாசாலையின் டென்னிஸ் குழுவுக்குத் தலைவராக இருந்து, பின்னர் கலிபோர்னியாவில் அவ்வாட்டத்தைக் கற்பித்த டிமதி கால்வே, மட்டையை இப்படிப் பிடி, தோளை அப்படித் திருப்பு என்று ஓயாமல் திருத்தும்போது மாணவர்கள் இறுகிப்போவதையும், பந்து தரையில் பட்டவுடன் ஒரு சொல்லும் மட்டையில் பட்டவுடன் ஒரு சொல்லும் உரக்கச் சொல்லிக்கொண்டே ஆடுமாறு விட்டுவிட்டால் அவர்கள் தாமாகவே திருந்துவதையும் கண்டு, அந்த அனுபவத்தை 1974-இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். 1965-இல் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயத்தில் சாம்பியன் பட்டம் வென்ற ஜான் விட்மோர் அம்முறையை இங்கிலாந்தில் கைக்கொண்டு, மைதானத்திலிருந்து அலுவலகத்துக்கு மாற்றி, 1992-இல் எழுதிய தம் நூலால் அதனைப் பரவச் செய்தார். அடைய விரும்புவது என்ன, இப்போதைய நிலை என்ன, உள்ள வழிகள் யாவை, செய்ய உறுதி கொண்டது எது என்று நான்கு படிகளாகக் கேட்டுச் செல்லும் அந்த முறை இன்று இத்தொழிலின் அரிச்சுவடி. அதை விவரிப்பது என் நோக்கமன்று. அதிலிருந்து பிறக்கும் தர்மசங்கடமே நமக்கு முக்கியம்.

வைத்தியரிடம் நாம் செல்வது அவர் நம்மைவிட அதிகம் அறிந்தவர் என்பதால். வக்கீலிடம் செல்வதும் அப்படியே. அவ்விருவரும் தாம் அறிந்ததை நம் நன்மைக்கே பயன்படுத்த வேண்டும் என்பது அவர்களுடைய தர்மத்தின் முதல் விதி. பயிற்றுநரோ, ‘விடை உங்களிடம்தான் இருக்கிறது; நான் கேள்வி கேட்பவன் மாத்திரமே’ என்று தம் அறியாமையையே ஒரு யோக்கியதையாக முன்வைப்பவர். அறியாமையை அளப்பது எப்படி? ஐ.சி.எஃப். தன் சான்றிதழின் மூன்று படிகளுக்கு முறையே 100, 500, 2,500 மணி நேரம் பயிற்றுவித்த அனுபவம் வேண்டும் என்று விதித்திருக்கிறது, அது நல்லதே. ஆயினும், பதிவு பெறாத ஒருவர் வைத்தியம் செய்தால் சட்டம் குறுக்கே வரும். சான்றிதழ் இல்லாத ஒருவர் நாளைக் காலையில் பயிற்றுநர் என்று பலகை மாட்டிக்கொண்டால் யாரும் வரமாட்டார்கள், வாடிக்கையாளர்களைத் தவிர. சம்மேளனத்தின் விதிகள் அதன் உறுப்பினர்களையும் அதனிடம் சான்று பெற்றவர்களையும் மாத்திரமே கட்டுப்படுத்தும். அவற்றை மீறியவருக்கு அது தரக்கூடிய அதிகபட்சத் தண்டனை, அந்த உறுப்புரிமையையும் சான்றையும் திரும்பப் பெற்றுக்கொள்வதே.

அன்றியும், சமத்துவம் என்று சொல்லப்படும் இவ்வுறவில் ஒரு பெரிய அசமத்துவம் மறைந்து கிடக்கிறது. ஆறு மாதம் சென்றபின், உத்தியோகஸ்தர் யாரைக் கண்டு அஞ்சுகிறார், யார்மீது பொறாமை கொண்டிருக்கிறார், எந்தக் கடிதத்தை எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பயிற்றுநருக்குத் தெரியும்; பயிற்றுநரைப் பற்றி உத்தியோகஸ்தருக்குத் தெரிந்தது அவருடைய பெயரும் பட்டங்களும், அவர் காப்பியில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்பதும்தான். கூட்டுறவு என்ற பெயரால் கடமையையும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வாரானால் அது நியாயமாகாது. அதிகம் அறிந்தவருக்கே அதிகக் கட்டுப்பாடு.

இவ்வுறவு அதன் உயர்ந்த நிலையில் எப்படி இருக்கும் என்பதற்கு, நான் படித்தவற்றுள் சிறந்த சாட்சியம் ஒரு சத்திரசிகிச்சை நிபுணருடையது. பாஸ்டன் நகரத்து டாக்டர் அதுல் கவாண்டே, 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஒன்றில், எட்டு ஆண்டுகள் அத்தொழிலில் இருந்தபின் தம் திறமை வளர்வது நின்றுவிட்டதாக உணர்ந்ததையும், தாம் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் தமக்குக் கற்பித்தவரும் அப்போது ஓய்வு பெற்றுவிட்டவருமான டாக்டர் ராபர்ட் ஆஸ்டீனை அழைத்து, தம் அறுவை சிகிச்சைக் கூடத்தில் நின்று கவனிக்குமாறு கேட்டுக்கொண்டதையும் சொல்கிறார். முதல் நாள் தைராய்டு சுரப்பியை அகற்றும் சிகிச்சை. மிக நன்றாக நடந்ததாகக் கவாண்டே நினைத்தார். ஆஸ்டீன் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டு ஓரமாக நின்றதல்லாமல் வாய் திறக்கவில்லை. சிகிச்சை முடிந்து ஓய்வறையில் அமர்ந்தபோதுதான், சிறிய சிறிய விஷயங்களாகச் சொல்லத் தொடங்கினார்: நோயாளியின்மேல் துணி விரித்த விதம் கவாண்டேக்கு வசதியாக இருந்ததேயன்றி எதிரே நின்ற உதவியாளருக்கு இடம் தரவில்லை, சில சமயங்களில் அவருடைய முழங்கை தோள் உயரத்துக்கு எழும்பிவிட்டது, அந்த நிலையில் கை நுட்பமாக வேலை செய்யாது, மேலே தொங்கும் விளக்கு விலகிப்போய், ஏறக்குறைய அரை மணி நேரம் பிரதிபலித்த வெளிச்சத்திலேயே அவர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்.

விளக்கு விலகியதை அதன் கீழே நின்று வேலை செய்தவரே காணவில்லை என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். இத்தகைய ஒன்றைச் சொல்ல ஒருவருக்கு என்ன வேண்டும்? கூரிய கண் வேண்டும் என்பது வெளிப்படை. அதற்கும் மேலாக, சொல்வதால் தமக்கு இலாபமும் இல்லை, சொல்லாமல் விடுவதால் நஷ்டமும் இல்லை என்ற நிலை வேண்டும். ஆஸ்டீன் ஓய்வு பெற்றவர். கவாண்டேயின் பதவியை நாடுபவர் அல்லர். அவருடைய மேலதிகாரிக்கு அறிக்கை எழுத வேண்டியவரும் அல்லர். பழைய மாணவரின் நல்லெண்ணத்தை இழந்தால் அடுத்த மாதத்து வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலையும் அவருக்கு இருந்திருக்க நியாயமில்லை. பற்றற்ற நிலை என்று நம் சாஸ்திரங்கள் பேசுவது மோட்சத்துக்கு உபகரிக்குமோ என்னவோ, ஒருவர் மற்றொருவருடைய முழங்கையைப் பற்றி உண்மை சொல்வதற்கு அது நிச்சயமாக உபகரிக்கிறது. கூலிக்கு உழைக்கும் பயிற்றுநருக்கு இந்தப் பற்றற்ற நிலை பிறவியிலேயே மறுக்கப்பட்டிருக்கிறது. அதைச் செயற்கையாகவேனும் உண்டாக்கிக் கொடுப்பதற்குத்தான் ஒப்பந்தங்களும் விதிகளும் தேவைப்படுகின்றன; ஒழுக்க விதி என்பது இத்தொழிலுக்கு அணிகலன் அன்று, வேலை செய்வதற்கு வேண்டிய கருவி.

அதே கட்டுரையில் இன்னொரு சிறு நிகழ்ச்சியும் உண்டு. மயக்க மருந்துக்காகக் காத்திருந்த ஒரு பெண் நோயாளி, குறிப்புப் புத்தகத்தோடு ஓரமாக நின்ற ஆஸ்டீனைப் பார்த்து, அவர் யார் என்று கேட்டார். தம்மை மேம்படுத்திக்கொள்ள உதவுவதற்காகத் தாமே அழைத்த சக மருத்துவர் என்று கவாண்டே விளக்கினார். அவ்விளக்கம் அந்த அம்மாளுக்கு ஆறுதல் அளித்ததாகத் தெரியவில்லை. அளிக்காதது இயற்கையே. தம்மை அறுக்கப் போகிறவர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி மேஜைமேல் படுத்திருப்பவருக்கு உற்சாகம் தரக்கூடியதன்று. ஆனால் அவர் கேட்டார், பதில் பெற்றார் என்பதை நான் குறித்துக்கொள்கிறேன். ஏனெனில், கம்பெனிகளில் அந்த நோயாளியின் ஸ்தானத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை.

இனி, பணம் கொடுப்பவரிடம் வருவோம். ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனி தன் விற்பனை மேலாளரை, சக அதிகாரிகளோடு இணங்கிப் போகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடு ஒரு பயிற்றுநரிடம் அனுப்புகிறது. மூன்றாவது சந்திப்பில் அம்மேலாளர், தமக்கு வேறொரு கம்பெனியில் வேலை ஏறத்தாழ நிச்சயமாகிவிட்டது என்றும், தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடப் போவதாகவும் சொல்கிறார். அடுத்த வாரம் பணியாளர் துறைத் தலைவர், பயிற்றுநரின் கட்டணச் சீட்டைப் பற்றிப் பேசத் தொலைபேசியில் அழைக்கிறார். பேச்சோடு பேச்சாக, ‘நம்ம ஆள் எப்படிங்க இருக்கார்? வடக்கு மண்டலத்தை அவர் தலையில கட்டலாமா?’ என்று சிநேகபாவத்தோடு கேட்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது? உள்ளதைச் சொன்னால் ஒருவருடைய ஜீவனத்தில் கை வைத்ததாகும். நன்றாக முன்னேறுகிறார் என்றால், அதை நம்பிக் கம்பெனி ஒரு மண்டலத்தையே அவரிடம் ஒப்படைத்து ஏமாறும். மௌனமாக இருந்தாலோ, தொலைபேசியில் அந்த மௌனத்தின் பொருள் விளங்காத அளவுக்குப் பணியாளர் துறைத் தலைவர்கள் அப்பாவிகள் அல்லர்.

இந்த இடத்தில் சாமர்த்தியமான பதில் எதுவும் கிடையாது. நேர்மையான பதில் ஒன்று உண்டு. ஆனால் அதை மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். வேலை தொடங்கும் நாளில், உத்தியோகஸ்தரும் அவருடைய மேலதிகாரியும் பயிற்றுநரும் மூவருமாக ஒரே மேஜையில் அமர்ந்து, எத்தனை சந்திப்புகள் நடந்தன என்பதைக் கம்பெனிக்குத் தெரிவிக்கலாம், எந்த நோக்கத்துக்காக என்பதை மூவரும் அறிந்திருக்கலாம், அதற்கு அப்பால் நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தையும் பயிற்றுநர் வாயிலிருந்து வராது, முன்னேற்றத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் உத்தியோகஸ்தரையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பேசி எழுதி வைத்துக்கொள்வதே அந்தப் பதில். பணம் கொடுப்பவரையும் பயிற்சி பெறுபவரையும் வேறு வேறாகக் கொண்டு, பொறுப்புகளையும் இரகசியத்தின் எல்லைகளையும் எல்லாத் தரப்பாரோடும் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று ஐ.சி.எஃப். விதிகளும் கூறுகின்றன. நான் வற்புறுத்துவது, நல்லதோ கெட்டதோ என்ற அந்த இரண்டு சொற்களைத்தான். அனுபவம் போதாத பயிற்றுநர், பயிற்சி நன்றாக நடக்கும்போது, இதைச் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்து இரண்டு வார்த்தை புகழ்ந்து வைப்பார். பிறகு ஒரு நாள் அவர் வாய் மூடிக்கொண்டால், அன்றே அந்த உத்தியோகஸ்தர் தொலைந்தார். இரு வீட்டாரிடமும் தரகு வாங்கும் கல்யாணத் தரகர், ஒரு ஜாதகத்தைப் பற்றி மட்டும் திடீரென்று ஒன்றும் பேசாமல் இருந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ அதையேதான் கம்பெனியும் நினைக்கும்.

இன்னொரு வகை அநியாயமும் உண்டு. அது கம்பெனியின் பக்கத்திலிருந்து வருவது. ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது என்று உள்ளுக்குள் முடிவு செய்தபின், நாங்கள் எல்லா முயற்சியும் செய்தோம் என்று கோப்பில் காட்டுவதற்காக அவரைப் பயிற்சிக்கு அனுப்புவது. அத்தகைய வேலையை ஏற்றுக்கொள்ளும் பயிற்றுநர், தெரிந்து ஏற்றாரானால், பலியிடுமுன் ஆட்டுக்கு மாலை போடும் கைங்கர்யத்தைச் செய்கிறார். தெரியாது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. ‘இவரை வைத்துக்கொள்ள எண்ணியிருக்கிறீர்களா?’ என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நேருக்கு நேர் கேட்பது எல்லாராலும் முடிகிற காரியம்.

இரகசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வக்கீலுக்கும் அவருடைய கட்சிக்காரருக்கும் இடையே நடந்த பேச்சை இந்தியச் சட்டம் காக்கிறது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த அந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் தொடர்கிறது. பயிற்றுநருக்கு அத்தகைய கவசம் கிடையாது. நீதிமன்றம் அழைத்தால் அவர் சென்று சொல்ல வேண்டியவரே. சட்டத்தின் கட்டளை, பிறருக்கோ தமக்கோ நேரக்கூடிய ஆபத்து முதலியவற்றில் இரகசியம் விலகக்கூடும் என்று ஐ.சி.எஃப். விதிகளும் வெளிப்படையாகவே கூறுகின்றன. ஆதலால், ‘இங்கே சொல்வது எதுவும் எக்காலத்திலும் வெளியே போகாது’ என்று முதல் நாளில் கனிந்த குரலில் உறுதி கூறும் பயிற்றுநர், அன்பினால்தான் கூறுகிறார் என்றாலும், பொய்யோடுதான் உறவைத் தொடங்குகிறார்.

மன நோய்க்கும் மனச் சங்கடத்துக்கும் உள்ள எல்லையைப் பற்றியும் பேச வேண்டும். சுருக்கமாகவே பேசுகிறேன், ஏனெனில் இதில் வைத்திய சாஸ்திரம் அறிந்தவர்களுக்கே அதிகாரம். 2009-ஆம் ஆண்டில் ‘ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூ’ பத்திரிகை 140 பயிற்றுநர்களிடம் விசாரித்து வெளியிட்ட கணக்கின்படி, சொந்த வாழ்க்கைப் பிரச்சினைகளுக்காகவே அவர்கள் அமர்த்தப்பட்டது நூற்றுக்கு மூன்று தடவைதான். ஆனால் அத்தகைய பிரச்சினைகளில் உதவியதாக ஒப்புக்கொண்டவர்கள் நூற்றுக்கு 76 பேர். விற்பனையைப் பற்றித் தொடங்கிய பேச்சு விவாகத்தில் போய் முடிவது மனித இயல்பு; அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் மனநோய்த் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய ஸ்டீவன் பெர்க்லஸ், 2002-இல் அதே பத்திரிகையில் எச்சரித்ததைப்போல, ஆழத்தில் புரையோடிய நோயை வெறும் பழக்கக் குறைபாடென்று எண்ணிப் பயிற்சி கொடுப்பவர், நோயாளிக்கும் அவரை நம்பிய கம்பெனிக்கும் கேடு செய்கிறார். ‘இது என் எல்லைக்கு அப்பாற்பட்டது, இன்ன வகை வைத்தியரைப் பாருங்கள்’ என்று சொல்வதால் பயிற்றுநர் ஒரு வாடிக்கையாளரை இழப்பார். இழக்கத்தான் வேண்டும்.

இதுவரை சொன்னவை யாவும், பணத்தாசையாலோ அறியாமையாலோ நேரும் பிழைகள். இவை இரண்டும் இல்லாத இடத்திலும் தர்மம் வழுவக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இத்தொழிலைச் சேர்ந்தவர்கள் அதை அதிகம் பேசுவதில்லை. பில் கேம்பெல் என்பவர் 1974 முதல் 1979 வரை கொலம்பியா சர்வகலாசாலையின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவைப் பயிற்றுவித்து, 12 ஆட்டங்களில் வென்று 41 ஆட்டங்களில் தோற்றவர். மைதானத்தில் கிட்டாத கீர்த்தி அவருக்கு சிலிக்கன் பள்ளத்தாக்கில் கிட்டியது. ஸ்டீவ் ஜாப்ஸின் நெருங்கிய நண்பராகவும் ஆப்பிள் கம்பெனியின் இயக்குநராகவும் இருந்துகொண்டே, கூகிளின் தலைவர் எரிக் ஷ்மிட் முதலானோருக்கு அவர் பயிற்றுநராக விளங்கினார். இன்டியூட் கம்பெனியின் இயக்குநர் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். 2016-இல் அவர் மறைந்தபின், ஷ்மிட்டும் கூகிளைச் சேர்ந்த வேறு இருவரும் அவருடைய முறையைப் போற்றி எழுதி 2019-இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் விற்பனையாயிற்று. கூகிளுக்குச் செய்த பணிக்குக் கூலி வேண்டாம் என்று மறுத்தவர் அவர் என்பதும், அவரிடம் பழகியவர்கள் அவரைத் தந்தையைப்போல் நேசித்தார்கள் என்பதும் அந்நூலிலிருந்து தெரிகின்றன. இவற்றைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை.

ஆனால் அதே மனிதரின் பெயர் வேறொரு பதிவிலும் இருக்கிறது. ஒருவர் கம்பெனியிலிருந்து மற்றவர் ஆட்களை அழைத்துக்கொள்வதில்லை என்று ஆப்பிள், கூகிள், இன்டெல், அடோபி, இன்டியூட், பிக்சார் ஆகிய கம்பெனிகள் தங்களுக்குள் செய்துகொண்டிருந்த ஏற்பாடுகளை எதிர்த்து அமெரிக்க நீதித்துறை 2010 செப்டம்பரில் வழக்குத் தொடுத்தது. அக்கம்பெனிகள் அத்தகைய ஏற்பாடுகளைக் கைவிடச் சம்மதித்து அதைத் தீர்த்துக்கொண்டன. பிறகு சுமார் 64,000 ஊழியர்கள் சார்பில் நடந்த வழக்கில் வெளிவந்த கடிதங்களுள், 2005 பிப்ரவரியில் கேம்பெல் ஜாப்ஸுக்கு எழுதியதும் ஒன்று: ஆப்பிளிலிருந்து ஆள் எடுக்கும் முயற்சிகளையெல்லாம் கூகிளின் தலைவர் தாமே தலையிட்டு நிறுத்திவிட்டார் என்பது அதன் செய்தி. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி லூசி கோ, 2014-இல் பிறப்பித்த உத்தரவில், இக்கம்பெனிகளுக்கு இடைநின்றவராகக் கேம்பெல்லைக் குறிப்பிட்டார். முடிவில், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, ஆப்பிள், கூகிள், இன்டெல், அடோபி ஆகிய நான்கும் சேர்ந்து 41.5 கோடி டாலர் கொடுக்க இசைந்தன. 2015-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. கேம்பெல் அவ்வழக்கில் பிரதிவாதி அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதை அவரைத் தூற்றுவதற்காக எடுத்துரைக்கவில்லை. இதில் பணத்தாசை இல்லை, திறமைக் குறைவு இல்லை, வாடிக்கையாளருக்குத் துரோகம் இல்லை. இரகசியம்கூடச் சிதறவில்லை, வழக்கு வந்திராவிட்டால் அந்தக் கடிதம் இன்றும் வெளியே வந்திராது. இருவருக்கிடையே நிலவ வேண்டிய விசுவாசம் என்று விதிநூல்கள் எதை வருணிக்கின்றனவோ அது இங்கே பரிபூரணமாக இருந்தது. இரண்டு கம்பெனிகளின் தலைவர்களும் ஒருங்கே நம்பிய மனிதராக அவர் இருந்ததனாலேயே அவர் வழியாகச் செய்தி போக முடிந்தது. நஷ்டம் அடைந்தவர்கள், வேறு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்திருந்தால் சம்பளம் சற்று உயர்ந்திருக்கும் என்பதை அறியாமலே வேலை பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளர்கள். பாஸ்டன் நோயாளி கேட்டதைப்போல, ‘ஓரமாக நிற்கும் அவர் யார்?’ என்று கேட்பதற்குக்கூட அவர்கள் அந்த அறையில் இல்லை. பயிற்றுநருக்கும் பயிற்சி பெறுபவருக்கும் உள்ள உறவை மட்டும் வைத்து எழுதிய அளவுகோலால் இதை அளந்தால், குறை ஏதும் தென்படாது என்பதே என் கவலை.

நம்மூர் அலுவலகங்களில் இதே பிரச்சினை மிகச் சிறிய உருவத்தில் நாள்தோறும் எழுகிறது. பயிற்சியைத் தொடங்குமுன், உத்தியோகஸ்தரின் மேலதிகாரி, அவருக்குச் சமமானவர்கள், அவர்கீழ் வேலை செய்பவர்கள் ஆகிய எல்லாரிடமும் அவரைப் பற்றி அபிப்பிராயம் கேட்டுத் தொகுப்பது பயிற்றுநர்கள் பலரின் வழக்கம். ‘360 டிகிரி’ என்று அதற்குப் பெயர். யார் சொன்னது என்பது தெரியாது என்று வாக்களித்தே கேட்கிறார்கள். கீழே வேலை செய்பவர்கள் நாற்பது பேராக இருந்தால் அந்த வாக்குறுதியைக் காப்பாற்றலாம். நான்கு பேராக இருந்தால்? ‘அவசரத்துக்கு லீவு கேட்டபோது எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தினார்’ என்ற ஒரு வாக்கியம் அறிக்கையில் இடம்பெற்றால் போதும். லீவு கேட்டவர் யார் என்பது உத்தியோகஸ்தருக்கு நினைவிருக்கும். பயிற்றுநர் ஆறு மாதத்தில் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு போய்விடுவார். அந்தக் குமாஸ்தா அதே மேஜையில் அடுத்த சம்பள உயர்வுக்குக் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்து இல்லை.

இதற்குச் செய்யக்கூடியவை சில உண்டு. கீழே பணிபுரிவோர் மிகச் சிலரே உள்ள இடத்தில் இத்தகைய அறிக்கையே வேண்டாம் என்று மறுத்துவிடலாம். எழுதினாலும் சம்பவங்களை நீக்கிக் குணங்களை மட்டும் குறிக்கலாம். தாம் சொன்னதாக எழுதப்பட்டிருப்பதை அவரவருக்கே முதலில் காட்டி, வேண்டாததை அடித்துவிடும் உரிமையை அவர்களுக்கே கொடுக்கலாம். இவற்றையெல்லாம் சிரத்தையோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். அபூர்வமாக நடப்பது இன்னொன்று: பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து அந்த நால்வரிடமும் திரும்பிச் சென்று, உங்கள் மேலதிகாரியிடத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா, நீங்கள் அன்று சொன்னதனால் உங்களுக்குக் கஷ்டம் ஏதேனும் வந்ததா என்று விசாரிப்பது. அபூர்வமாக இருப்பதற்குக் காரணம் கல்நெஞ்சம் அன்று. கட்டணச் சீட்டில் அதற்கு ஒரு வரி இல்லை என்பதுதான். அந்த வரியையும் சேர்த்தே ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று முதல் நாளிலேயே கேட்கும் பயிற்றுநருக்குச் சில வேலைகள் கிடைக்காமல் போகும். கேட்ட பின்பும் அவரையே அமர்த்தும் கம்பெனிகளும் சில இருக்கும். அந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது, இத்துறையில் ஆராய்ச்சி செய்யப் புகும் மாணவர்களிடம் நான் விடுக்கும் விண்ணப்பம்.